பெஞ்ச்மார்க் சாஃப்ட்வேர்: நேரு பிளேஸுக்குக் கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

டெல்லியின் கம்ப்யூட்டர் சந்தையான நேரு பிளேஸுக்கு யாராவது புது லேப்டாப் வாங்கப் போகிறார்கள் என்றால், மயூர் விஹாரிலிருந்தோ ஆர்.கே.புரத்திலிருந்தோ முனிர்காவிலிருந்தோ எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும். ஆள் மாறினாலும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணா, பெஞ்ச்மார்க்னா என்ன? வேகமா இருக்கா இல்லையான்னு தொட்டுப் பார்த்தாலே தெரியாதா?

கடையில் புத்தம் புதிதாக ஆன் செய்த எந்த மெஷினும் வேகமாகத்தான் தெரியும். பெஞ்ச்மார்க் சாஃப்ட்வேர் எல்லா மெஷினுக்கும் ஒரே வேலையைக் கொடுத்து, அதை முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அதை ஒரு எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. அவ்வளவுதான். 1972-இல் வந்த வெட்ஸ்டோன், 1984-இல் வந்த டிரைஸ்டோன் காலத்திலிருந்து யோசனை மாறவில்லை, கொடுக்கும் வேலைதான் மாறியிருக்கிறது.

அந்த வேலை இரண்டு வகை. சில சாஃப்ட்வேர், மக்கள் நிஜமாகச் செய்யும் வேலையையே கொடுக்கும்: முப்பரிமாணப் படத்தை உருவாக்குவது (ரெண்டரிங்), கோப்பைச் சுருக்குவது, பெரிய எக்செல் கணக்கு போடுவது. வேறு சில, இதற்கென்றே எழுதிய சிறு கணக்குகளைச் சுழல விடும். இரண்டாவது வகை கெட்டது என்றில்லை. ஆனால் அதன் எண்ணுக்கும் உங்கள் வேலைக்கும் உள்ள தூரம் அதிகம்.

கடைக்காரர் ஸ்கோர் 15,000-ன்னு காட்டினார். நல்ல நம்பரா?

எந்த சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன் என்று சொல்லாத ஸ்கோரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சினிபெஞ்ச் ஆர்23-இல் ஐந்திலக்க எண் தரும் ஒரு நடுத்தர புராசசர், சினிபெஞ்ச் 2024-இல் மூன்றிலக்க எண்தான் தரும். புராசசர் தேய்ந்துவிடவில்லை. சினிபெஞ்ச் கொடுக்கும் வேலை ரெண்டரிங். 2024 பதிப்பு அதற்கு ரெட்ஷிப்ட் என்ற வேறு எஞ்சினுக்கு மாறியது, அளவுகோலும் மாறிவிட்டது. கீக்பெஞ்ச் 5-இல் கோர் ஐ3-8100 புராசசரை 1,000 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அளந்தார்கள். கீக்பெஞ்ச் 6-இல் கோர் ஐ7-12700-ஐ 2,500 என்று வைத்தார்கள். ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு வைத்துப் பார்க்கவே கூடாது.

கடையில் கேட்க வேண்டியது: "இதே சாஃப்ட்வேரை இதே வெர்ஷனில் அந்தப் பக்கத்து மாடலில் ஓட்டிக் காட்டுங்கள்." ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து நீட்டினால் ஏற்காதீர்கள். அது எந்த மெஷினில் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்?

நிறைய பேர் சொல்லிக் குழப்பாதீங்க. ஒரே ஒரு சாஃப்ட்வேர் பேரைச் சொல்லுங்க.

சொல்ல முடிந்தால் இந்தப் பக்கமே தேவைப்பட்டிருக்காது. புராசசருக்கு சினிபெஞ்ச், கிராபிக்ஸ் கார்டுக்கு 3டிமார்க், எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல்டிஸ்க்மார்க், பிரவுசரிலேயே பாதி நாள் கழிப்பவருக்கு ஸ்பீடோமீட்டர். முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரில் வேலை செய்பவருக்கு பிளெண்டருக்கென்றே ஒரு பெஞ்ச்மார்க் இருக்கிறது. லினக்ஸ்காரர்களுக்கு போரோனிக்ஸ் டெஸ்ட் சூட்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் சாஃப்ட்வேர்களும் உண்டு. எனக்கு அவற்றின் மீது நம்பிக்கை குறைவு. காரணம் கீழே வரும்.

இதுக்கெல்லாம் காசு கொடுக்கணுமா?

வீட்டு உபயோகத்துக்கு வேண்டாம். சினிபெஞ்ச், கிரிஸ்டல்டிஸ்க்மார்க் இலவசம். 3டிமார்க்குக்கு அடிப்படைப் பதிப்பு இலவசமாகக் கிடைக்கும். கீக்பெஞ்சும் இலவசம்தான், ஆனால் இலவசப் பதிப்பு உங்கள் மெஷினின் விவரத்தையும் ஸ்கோரையும் பொதுத் தளத்தில் ஏற்றிவிடும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டும் முன் இதை யோசியுங்கள். இறக்குவதைத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

சிங்கிள் கோர், மல்டி கோர்னு ரெண்டு ஸ்கோர் வருது. நான் எதைப் பார்க்கணும்?

கோர் என்பது புராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. சிங்கிள் கோர் அதில் ஒன்றின் வேகம், மல்டி கோர் எல்லாம் சேர்ந்த வேகம். வேர்டு, எக்செல், பிரவுசர், டேலி என்று நாள் ஓடுகிறதா? சிங்கிள் கோரைப் பாருங்கள். வீடியோ எடிட்டிங், ரெண்டரிங், பெரிய புரோகிராமை கம்பைல் செய்வது என்றால் மல்டி கோர். பெரும்பாலானோருக்கு சிங்கிள் கோர் எண்தான் கைக்கு உணரும் வேகம். ஆனால் கடையில் மல்டி கோர் எண்ணைத்தான் காட்டுவார்கள், அது பெரிதாக இருக்கும் என்பதால்.

மல்டி கோரிலும் இரண்டு விதம் இருக்கிறது. சினிபெஞ்ச் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி எல்லாக் கோருக்கும் பிரித்துக் கொடுக்கும், எந்தக் கோரும் சும்மா நிற்காது. கீக்பெஞ்ச் 6 எல்லாக் கோரையும் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யச் சொல்கிறது, அதனால் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டிவரும். 16 கோர் புராசசருக்கு சினிபெஞ்சில் கிடைக்கும் பாராட்டு கீக்பெஞ்சில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். ரெண்டரிங் செய்பவருக்கு முதல் எண் உண்மை, மற்றவர்களுக்கு இரண்டாவது எண் உண்மைக்கு நெருக்கம்.

ஜனவரியில ஓட்டினப்ப ஒரு ஸ்கோர், மே மாசம் ஓட்டினா வேற ஸ்கோர். சாஃப்ட்வேர் தப்பா, லேப்டாப் கெட்டுப்போச்சா?

இரண்டும் இல்லை, டெல்லி வெயில். ஃபேன் அறைக் காற்றை இழுத்துத்தான் புராசசரைக் குளிர்விக்கிறது. ஜனவரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறைக்கும், மே மாதம் வெளியே 43 டிகிரி அடிக்கும்போது ஏசி இல்லாத அறைக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும். உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடோ, புராசசரும் ஏறக்குறைய அவ்வளவு கூடுதலாகச் சூடாகும். எல்லையைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

லேப்டாப்பில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். இன்டெல் புராசசர்களுக்கு இரண்டு மின் அளவுகள் உண்டு: கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும் பெரிய அளவு, பிறகு நெடுநேரம் தாங்கும் சிறிய அளவு. ஏஎம்டியிலும் இதே மாதிரி ஏற்பாடுதான். முதல் அரை நிமிடத்தில் பறக்கும் மெஷின் மூன்றாவது நிமிடத்தில் நிதானத்துக்கு வந்துவிடும். சூட்டையும் வாட்டையும் எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற ஒரு கண்காணிப்பு சாஃப்ட்வேரில் பார்த்துக்கொண்டே பெஞ்ச்மார்க் ஓட்டினால் இது கண்ணுக்கே தெரியும்.

எனவே ஸ்கோரை எழுதி வைக்கும்போது அறை வெப்பநிலையையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். ஏசி ஓடியதா, மெத்தை மேல் இருந்ததா, மேசை மேலா என்பதையும்தான். மே மாத ஸ்கோர் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், டெல்லியில் இருப்பவர் மே மாதமும் வேலை செய்தாக வேண்டும். அப்புறம் தூசி. இந்த ஊர்த் தூசிக்கு வருடம் ஒரு முறையாவது ஃபேனைத் திறந்து துடைக்காவிட்டால், அடுத்த ஜனவரி ஸ்கோரும் மே மாத ஸ்கோர் மாதிரியே இருக்கும்.

கீக்பெஞ்ச்ல என் லேப்டாப் ஜெயிக்குது, சினிபெஞ்ச்ல தோக்குது. எது பொய் சொல்லுது?

இரண்டும் உண்மைதான் சொல்கின்றன. கீக்பெஞ்ச் பல குட்டி வேலைகளை நடுவில் இடைவெளி விட்டு விட்டுக் கொடுக்கும். மெஷினுக்குச் சூடேற நேரமே கிடைக்காது. சினிபெஞ்சின் ஆர்23, 2024 பதிப்புகள் வழக்கமான அமைப்பில் குறைந்தது 10 நிமிடம் விடாமல் ஓடும். மேலே சொன்ன இரண்டு மின் அளவுகளில் முதலாவதைக் கீக்பெஞ்ச் பார்க்கிறது, இரண்டாவதை சினிபெஞ்ச் பார்க்கிறது. மெல்லிய லேப்டாப்கள் முதலாவதில் ஜெயித்து இரண்டாவதில் தோற்பது வழக்கம். உங்கள் வேலை எந்த மாதிரி என்பதை வைத்து முடிவெடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சினிபெஞ்சில் அந்த 10 நிமிடத்தை அணைத்துவிட்டு ஒரே சுற்று ஓட்டவும் வழி இருக்கிறது. கடையில் காட்டுவது பெரும்பாலும் அந்த ஒரு சுற்றுதான்.

சரி, ஒரு பெஞ்ச்மார்க் சாஃப்ட்வேர் நம்பத் தகுந்ததான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதைக் கேட்டவர் ஒரே ஒரு மாணவர்தான். மற்ற எல்லாரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நான் முதலில் பார்ப்பது, என்ன வேலை கொடுக்கிறோம் என்று அவர்கள் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்களா என்பதை. கீக்பெஞ்ச், 3டிமார்க் இரண்டுக்கும் விரிவான ஆவணம் கிடைக்கும். "எங்கள் தனிப்பட்ட முறையில் கணக்கிட்டோம்" என்ற அளவில் நிறுத்திக்கொள்கிற சாஃப்ட்வேரை அங்கேயே விட்டுவிடலாம். அடுத்தது, அதே மெஷினில் அதே நிலையில் திரும்ப ஓட்டினால் அதே எண் வருகிறதா? ஓரிரண்டு சதவீதம் ஆடுவது இயல்பு. ஒரு தடவைக்கு ஒரு தடவை 10% மாறினால், மற்ற புரோகிராம் எதுவும் பின்னால் ஓடவில்லை என்று உறுதியானால், சாஃப்ட்வேர்தான் பிரச்சினை. இதைச் சோதிக்க எந்தப் படிப்பும் வேண்டாம், பொறுமை போதும்.

பிறகு, தனித்தனி மதிப்பெண்களை எந்த விகிதத்தில் சேர்க்கிறார்கள் என்பது. 2019-இல் யூசர்பெஞ்ச்மார்க் தளம் புராசசர் மதிப்பெண்ணில் மல்டி கோரின் பங்கை 10%-இலிருந்து 2% ஆக்கியது. மறுநாள் எந்த புராசசரும் மாறியிருக்கவில்லை, ஆனால் இன்டெலின் 4 கோர் ஐ3 ஒன்று 18 கோர் ஐ9-ஐ முந்தி நின்றது. மல்டி கோரில் பலமான ஏஎம்டியின் ரைசன் 3000 வரிசை சந்தைக்கு வந்த அதே மாதம் இது நடந்ததால் பெரிய சண்டை ஆனது. எண்ணம் என்னவாக இருந்தாலும், ஒரு விகிதத்தை மாற்றினால் தரவரிசையே தலைகீழாகிறது என்பதை நாம் பார்த்துவிட்டோம். ஒற்றை எண் மீது எனக்கு நம்பிக்கை குறைவு என்று மேலே சொன்னது இதனால்தான்.

கடைசியாக, பின்னால் இருப்பது யார்? பாப்கோ என்ற கூட்டமைப்பு தயாரிக்கும் சிஸ்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் சிப் நிறுவனங்களான ஏஎம்டி, என்விடியா, வியா மூன்றும் அந்தக் கூட்டமைப்பை விட்டு வெளியேறின. சிஸ்மார்க் 2012 தேர்ந்தெடுத்த வேலைகள் அன்றைய உபயோகத்தைக் காட்டவில்லை, கிராபிக்ஸ் சிப்பின் உழைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது ஏஎம்டியின் புகார். இன்டெல் உள்ளேயே இருந்தது. யார் சரி என்பதைவிட, அளவுகோலைச் செய்பவர்களிலேயே அளக்கப்படுபவர்களும் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கம்பெனிங்க பெஞ்ச்மார்க்லயே கோல்மால் பண்ணுவாங்களாமே?

பண்ணியிருக்கிறார்கள். 2003-இல் 3டிமார்க்03 ஓடுவதை என்விடியாவின் டிரைவர் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) அடையாளம் கண்டுகொண்டு, திரையில் தெரியப்போகாத பகுதிகளை வரையாமல் விட்டது என்று அப்போதைய தயாரிப்பாளரான ஃபியூச்சர்மார்க் சொன்னது. அதைத் தடுக்கும் பதிப்பை ஓட்டியபோது ஸ்கோர் சுமார் 24% இறங்கியது. கொஞ்ச நாளிலேயே இரு நிறுவனங்களும் கூட்டாக அறிக்கை விட்டு, அது ஏமாற்று இல்லை, ஒரு குறிப்பிட்ட புரோகிராமுக்கான மேம்பாடு என்று வார்த்தையை மாற்றிக்கொண்டன!

2024-இல் நடந்தது இன்னும் சுவாரசியம். சர்வர் உலகில் மிகவும் மதிக்கப்படும் ஸ்பெக் அமைப்பு, இன்டெலின் ஜியான் சர்வர் புராசசர்களின் 2,600-க்கும் மேற்பட்ட முடிவுகளைச் செல்லாது என்று அறிவித்தது. இன்டெலின் கம்பைலர் (எழுதிய புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் சாஃப்ட்வேர்), ஒரு குறிப்பிட்ட சோதனையை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டதுபோல அதற்கு மட்டும் உதவும் விதத்தில் மேம்பாடு செய்தது என்பது காரணம். இதைப் படித்துவிட்டு ஸ்பெக்கை நம்பக் கூடாது என்று சிலர் எனக்கு எழுதினார்கள். நான் நேர்மாறாக எடுத்துக்கொள்கிறேன். விதி எழுதி வைத்து, மீறியதைக் கண்டுபிடித்து, முடிவை வெளிப்படையாகத் திரும்பப் பெறுகிற சாஃப்ட்வேரைத்தான் நம்பலாம்.

எஸ்எஸ்டி பெட்டியில 7,000 எம்பின்னு போட்டிருக்கு, கிரிஸ்டல்டிஸ்க்மார்க்லயும் அதே வருது. ஆனா விண்டோஸ் பழைய மாதிரியேதான் திறக்குது, ஏன்?

நீங்கள் பார்த்தது முதல் வரிசை. அது பெரிய கோப்பை நேர்கோட்டில் படிக்கும் வேகம், அதுவும் எட்டு கோரிக்கைகளை ஒரே நேரத்தில் வரிசையில் நிறுத்தி. விண்டோஸ் திறக்கும்போது நடப்பது அதுவல்ல. அங்கங்கே சிதறிய குட்டிக் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிப் படிப்பதுதான் அதிகம். அதற்குக் கடைசி வரிசையைப் பாருங்கள்: ஆர்என்டி4கே, கியூ1டி1. 7,000 காட்டும் எஸ்எஸ்டி அங்கே பெரும்பாலும் இரண்டிலக்க எண்ணில் நிற்கும். பழைய வகையான சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து மாறியவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போவதற்கும் இதுவே காரணம்.

எழுதும் வேகத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. விலை குறைந்த எஸ்எஸ்டிகள் தன் இடத்தில் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாகப் பயன்படுத்தும். கிரிஸ்டல்டிஸ்க்மார்க் வழக்கமாக 1 ஜிபி கோப்பை வைத்துத்தான் சோதிக்கிறது, அது அந்த இடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். சோதனை அளவை 32 ஜிபி ஆக்கிப் பாருங்கள், அல்லது பெரிய வீடியோ ஃபோல்டர் ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள். சில எஸ்எஸ்டிகள் பழைய ஹார்டு டிஸ்க்கின் வேகத்துக்கே இறங்கும். ஆனால் இதையே தினமும் செய்யாதீர்கள், எழுத எழுத எஸ்எஸ்டியின் ஆயுள் குறையும்.

கேம் ஆடத்தான் வாங்குறேன். 3டிமார்க் ஸ்கோர் பார்த்தா போதுமா?

கிராபிக்ஸ் கார்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது நல்ல கருவி. 2016-இல் வந்த டைம் ஸ்பை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, 2024-இல் ஸ்டீல் நோமாட் வந்தது. லேப்டாப்பில் இதைக் கட்டாயம் ஓட்டச் சொல்வேன். ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை லேப்டாப் சிப்கள் உண்டு. ஸ்டிக்கர் ஒன்று, வேகம் வேறு.

ஆனால் கேம் திக்கித் திக்கி ஓடுவதை மொத்த ஸ்கோர் காட்டாது. சராசரியாக நொடிக்கு 90 ஃபிரேம் வரும் மெஷின் இடையிடையே 20-க்கு இறங்கினால், ஆடுகிறவருக்கு நினைவில் நிற்பது அந்த 20 தான். அதனால் மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகத்தையும் தனியாகப் பார்ப்பது வழக்கம். கேப்ஃபிரேம்எக்ஸ் இலவசமாகவே இதைக் காட்டும். நீங்கள் ஆடும் கேமுக்குள்ளேயே பெஞ்ச்மார்க் வசதி இருந்தால் அதுதான் முதல் தேர்வு.

ஃபர்மார்க், பிரைம்95 ஓட்டிப் பாருன்னு ஃப்ரெண்டு சொல்றான்.

அவை மெஷினை வாட்டி எடுக்கும் சோதனைகள். பிரைம்95-இன் நிஜ வேலை பெரிய பகா எண்களைத் தேடுவது. மெஷின் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க உதவும், எது வேகம் என்று சொல்லாது. இரண்டும் சேர்ந்து ஒன்று வேண்டுமென்றால் 3டிமார்க்கின் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் உள்ள ஸ்ட்ரெஸ் டெஸ்ட் நல்லது. ஒரே காட்சியை 20 தடவை ஓட்டி, வேகம் 97% அளவுக்காவது நிலையாக இருந்தால்தான் பாஸ் போடும்.

விண்டோஸ்லயே ஒரு ரேட்டிங் வருமே, 5.9, 7.9-ன்னு?

விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் இருந்தது. 8.1-இல் அந்தத் திரையை எடுத்துவிட்டார்கள். மிக மெதுவான பாகத்தின் மதிப்பெண்ணையே மொத்த மதிப்பெண்ணாகக் காட்டியது அதில் எனக்குப் பிடித்த விஷயம். கூட்டிச் சராசரி போட்டு மறைக்கவில்லை.

மொத்த ஸ்கோர்ல பி மெஷின்தான் முன்னாடி இருக்கு, ஆனா என் வேலைக்கு ஏ தான் வேகம். எப்படி?

சராசரி எடுக்கும் முறையில் இருக்கலாம். ஏ மெஷின் இரண்டு சோதனையிலும் 100, 100. பி மெஷின் ஒன்றில் 50, இன்னொன்றில் 200. சாதாரணச் சராசரியில் ஏ-க்கு 100, பி-க்கு 125. பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் பெருக்குச் சராசரியில் இரண்டுக்கும் 100. ஸ்பெக் இந்தப் பெருக்குச் சராசரியைத்தான் பயன்படுத்துகிறது, ஒரே ஒரு சோதனையில் எகிறி மொத்தத்தையும் தூக்கிவிட முடியாது என்பதற்காக. எந்த முறையானாலும், உங்கள் வேலை அந்த 50 வந்த சோதனையாக இருந்தால் பி உங்களுக்குப் பாதி வேகம்தான். உட்பிரிவு மதிப்பெண்களைத் திறந்து பாருங்கள்.

என் ஸ்கோர் நெட்ல இருக்கிறதைவிட 8% கம்மி. கடையில மாத்தித் தரச் சொல்லலாமா?

சண்டைக்குப் போகும் முன் இவற்றைப் பாருங்கள். சார்ஜர் செருகியிருந்ததா? பவர் மோடு எதில் இருக்கிறது? விண்டோஸ் அப்டேட் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறதா? ரேம் ஒரே குச்சியாக இருக்கிறதா? விலையைக் குறைக்க ஒரே குச்சி போட்டு விற்பது இங்கே சாதாரணம், புராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதனால் நன்றாகவே அடிவாங்கும். விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி ஆனில் இருந்தாலும் கேம்களில் கொஞ்சம் குறையும். ஸ்கோருக்காக அதை அணைக்க வேண்டாம்.

நெட்டில் ஸ்கோர் ஏற்றுகிறவர்களில் ஓவர்கிளாக் செய்து (புராசசரை நிர்ணயித்ததைவிட வேகமாக ஓடவைத்து) பெருமைக்காக ஏற்றுகிறவர்களும் நிறைய. 8% என்பது வெயிலும் ஒற்றை ரேமும் சேர்ந்தாலே வந்துவிடும். 30% குறைந்தால் கண்டிப்பாகப் போய்க் கேளுங்கள்.

சார், ஓக்லாவுல சின்ன ஆபீஸ். 20 கம்ப்யூட்டர் வாங்கணும். எதை நம்புறது?

பிசிமார்க் 10 ஆபீஸ் வேலைகளை ஒட்டி அமைந்தது. பிரவுசருக்கு ஸ்பீடோமீட்டர் 3 இருக்கிறது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா நான்கும் சேர்ந்து 2024-இல் அதை வெளியிட்டன என்பதால் ஒருவர் பக்கம் சாய வழி குறைவு. வியாபார உபயோகத்துக்குப் பல சாஃப்ட்வேர்களுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரே ஒரு மெஷினை முதலில் வாங்குவேன். உங்கள் அக்கவுண்டன்ட் தினம் திட்டிக்கொண்டே திறக்கும் அந்தப் பெரிய எக்செல் ஃபைலை அதில் திறந்து, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்பேன். பிறகு பாக்கி 19.

நேரு பிளேஸ்ல பழைய லேப்டாப் பார்க்கிறேன் மாமா. கடைக்காரர் பத்து நிமிஷத்துக்கு மேல விடமாட்டார். என்ன ஓட்டுறது?

இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாதவற்றைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போ. சினிபெஞ்ச் ஆர்23, எச்டபிள்யூஇன்ஃபோவின் போர்ட்டபிள் பதிப்பு, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூன்றும் போதும். முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ: எஸ்எஸ்டியின் உடல்நிலையும் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் தெரிந்துவிடும். "ஆறு மாசம்தான் யூஸ் பண்ணியது" என்ற கதை அங்கேயே முடியும்.

பிறகு எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துவிட்டு சினிபெஞ்சைத் தொடங்கிவிடு. ஸ்கோர் வரும்வரை காத்திருக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. நாலைந்து நிமிடத்தில் புராசசரின் வேகம் எங்கே வந்து நிற்கிறது, சூடு எத்தனை டிகிரி, ஃபேன் சத்தம் எப்படி என்று பார். தொடங்கிய சில நொடியிலேயே 100 டிகிரியைத் தொட்டு வேகம் பாதிக்கு மேல் விழுந்தால், உள்ளே தூசியோ காய்ந்துபோன பேஸ்டோ (புராசசரின் சூட்டைக் கடத்தப் பூசுவது) இருக்கிறது. துடைத்து, பேஸ்ட் மாற்றி, உன் கண்ணெதிரிலேயே திரும்ப ஓட்டிக் காட்டச் சொல். மறுத்தால் பணத்தை எடுக்காதே, அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.